பாட்டுக்கு ஒரு பெட்டி!

காஞ்சிபுரத்துல பஸ் ஏறி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஸ்பீக்கர் வாங்கியாச்சா பாஸ்? அதை அப்படியே டேபிள் மேல வெச்சுப் பாடவிட்டுப் பாருங்க... பேஸ் காணாமப் போயிருக்கும்! கோன் முன்பக்கம் காத்தைத் தள்ளும்போதே பின்பக்கம் இழுக்குது. ரெண்டு அலையும் சேர்ந்து ஒண்ணை ஒண்ணு காலி பண்ணிடும். பின்பக்க அலையை அடைச்சுவைக்கத்தான் பெட்டி.

சைஸை குத்துமதிப்பா முடிவு பண்ணாதீங்க. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் இதுக்குக் கணக்கே போட்டுக் கொடுத்துட்டாங்க. 'தீல்-ஸ்மால்' அளவுகள் இருக்கானு கடையிலேயே கேளுங்க (கிடைச்சா லக்குதான்!). கிடைக்கலையா? காத்து போக ஓட்டை வெச்ச பெட்டி வேணாம். ட்யூனிங் தப்பினா எந்தப் பாட்டுக்கும் ஒரே 'டம் டம்'தான். குழித்தறி ஓடுற வீடுகள்ல ஒட்டுச்சுவர் வேற... பேஸ் நேரா பக்கத்து வீட்டுக்கே போயிடும்!

மூடின பெட்டின்னா கணக்கு முன்னே பின்னே இருந்தாலும் சமாளிச்சுடும். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை எடுங்க. உள்ளளவு 20 x 25 x 30 செ.மீ. வெச்சா 15 லிட்டர். மூலையெல்லாம் பசை போட்டு இறுக்குங்க. காய்ஞ்சதும் கோனை விரலால மெதுவா உள்ளே அமுக்கி விடுங்க. நிதானமா திரும்பினா ஓகே. சட்டுனு திரும்பிச்சுன்னா எங்கேயோ காத்து கசியுது... பசை டப்பாவை மறுபடி திறங்க!