காப்பீடும் ஆயுளும்: அமெரிக்க ஆய்வுகள் காட்டும் உண்மை

மருத்துவக் காப்பீடு உடையவர்கள் அது இல்லாதவர்களைவிட நீண்டநாள் வாழ்கிறார்கள் என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஆனால் காப்பீட்டினால்தான் அவர்கள் நீண்டநாள் வாழ்கிறார்களா என்பது வேறு கேள்வி. அந்நாட்டில் 65 வயதுக்குட்பட்டோர்க்குக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு சேர்ந்து வருவது. நல்ல வேலையில் இருப்பவருக்கு வருமானமும் கல்வியும் சத்தான உணவும் கூடவே வாய்த்துவிடுகின்றன. இவற்றுள் எது ஆயுளை நீட்டியது? காப்பீடின்மையால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 45,000 பேர் இறக்கின்றனர் என்று 2009இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சார்ந்த ஆய்வாளர்கள் கணித்தபோது, எதிர்த்தரப்பார் எழுப்பிய முதன்மையான மறுப்பு இதுவே. (காப்பீட்டு ஒப்பந்தத்தின் மார்க்கச் சட்டநிலை தனி விவாதம், இக்கட்டுரையின் பொருள் அதுவன்று.)

இச்சிக்கலைத் தீர்க்கச் சிறந்த வழி, யாருக்குக் காப்பீடு என்பதைக் குலுக்கலுக்கு விடுவது. ஆய்வுக்காக எந்த அரசும் அப்படிச் செய்யத் துணியாது. பணப் பற்றாக்குறை அதைச் செய்யவைத்தது. ஏழைகளுக்கான ‘மெடிகெய்டு’ திட்டத்தில் சில ஆயிரம் பேரை மட்டுமே சேர்க்க இயன்ற ஒரிகன் மாநிலம், 2008இல் குலுக்கல் நடத்தியது. ஏறத்தாழ 90,000 பேர் பெயர் கொடுத்தனர். தேர்வானோரையும் ஆகாதோரையும் ஏறத்தாழ ஈராண்டுகளுக்குப் பின் ஒப்பிட்டு, கேத்தரின் பெய்க்கர், ஏமி ஃபிங்கல்ஸ்டைன் உள்ளிட்டோர் 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். காப்பீடு பெற்றோரிடம் மனச்சோர்வு வெகுவாகக் குறைந்திருந்தது. குடும்பத்தையே கவிழ்க்கும் மருத்துவச் செலவு ஏறக்குறைய மறைந்திருந்தது. நீரிழிவு கண்டறியப்படுவதும் அதற்கு மருந்து உட்கொள்வதும் கூடியிருந்தன. ஆனால் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவு ஆகியவற்றில் புள்ளியியல் நோக்கில் உறுதியான மாற்றம் தென்படவில்லை.

காப்பீட்டினால் உயிர் நீள்வதில்லை என்று சிலர் இதைக் கொண்டே வாதிட்டனர். அது அவசர முடிவு. மூப்பெய்தாதோரிடையே ஈராண்டுக்குள் இறப்பு நேர்வது அரிது. போதாக்குறைக்கு, குலுக்கலில் தேர்வானோரில் பெரும்பாலோர் இறுதிவரை திட்டத்தில் சேரவேயில்லை. சில ஆயிரம் பேரைக் கொண்டு அரிய நிகழ்வொன்றின் சிறு ஏற்றத்தாழ்வை அறிய முற்படுவது, சமையலறைத் தராசில் பொன்துகளை நிறுப்பது போன்றது. காணமுடியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

போதிய அளவுள்ள சோதனை பின்னர் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காப்பீடு பெறாதோர் அப்போது அபராதவரி செலுத்தவேண்டியிருந்தது (2019 முதல் அது சுழியாக்கப்பட்டது). அவ்வாறு செலுத்திய 45 இலட்சம் குடும்பங்களுக்கும் காப்பீட்டில் சேரும் வழியை விளக்கிக் கடிதம் எழுத வருமானவரித் துறை திட்டமிட்டது. நிதி போதவில்லை, 39 இலட்சம் குடும்பங்களுக்கே அனுப்ப முடிந்தது. விடுபட்ட 6 இலட்சம் குடும்பங்களும் குருட்டுத் தேர்வில் விடுபட்டவை. ஜேக்கப் கோல்டின், இத்தாய் லூரி, ஜேனட் மெக்கபின் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 45 முதல் 64 வயதுக்குட்பட்டோரில் கடிதம் பெற்ற 1,648 பேருக்கு ஓர் இறப்பு வீதம் அடுத்த ஈராண்டில் குறைந்திருந்தது. கடிதத்தால் காப்பீட்டில் சேர்ந்தவர்கள் அவர்களுள் சிறு பங்கினரே என்பதை எண்ணினால், இது சிறிய விளைவன்று. காப்பீடு இறப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சோதனை வழிப்பட்ட முதற் சான்றும் இதுவே.

சிகிச்சையின் தரத்துக்கு வருவோம். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைப் பணமில்லையென்று திருப்பியனுப்பக் கூடாது என்பது 1986 முதல் அங்குள்ள சட்டம். கதவு திறந்தபின் நடப்பது என்ன? ஜோசப் டாயில் என்பார் விஸ்கான்சின் மாநிலத்தில் கடும் வாகன விபத்துகளில் சிக்கியோரை ஆராய்ந்து 2005இல் எழுதினார். விபத்தில் அடிபட்டவர் மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று தாமே முடிவெடுப்பதில்லை. ஆகவே ஒப்பீடு நேர்மையானது. காப்பீடு அற்றோர் 20 விழுக்காடு குறைவான சிகிச்சையே பெற்றனர். இறப்பும் அவர்களிடையே தெளிவாக மிகுந்திருந்தது. கலிஃபோர்னியாவில் முதியோருக்கான ‘மெடிகேர்’ தொடங்கும் 65 வயதை ஒட்டி, தள்ளிப்போட இயலாத நோய்களோடு அவசரப் பிரிவு வழியே அனுமதிக்கப்பட்டோரை டேவிட் கார்டு குழுவினர் ஆராய்ந்தனர் (2009). அவ்வயதைக் கடந்ததும் ஏழு நாள்களுக்குள் நேரும் இறப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்டனர். அவர்களுள் பலர் 65க்கு முன்னரும் ஏதோவொரு காப்பீடு உடையவர்கள்தாம் என்பது கவனிக்கத்தக்கது. உண்டா இல்லையா என்பதோடு, எத்தகைய காப்பீடு என்பதும் நோயாளியின் கதியைத் தீர்மானிக்கக்கூடும். மெடிகெய்டு தரும் கட்டணம் குறைவு என்பதால் அத்திட்டத்தினரைப் புதிதாக ஏற்காத மருத்துவர்கள் அங்குக் கணிசமாக உள்ளனர்.