இருபத்திரண்டு நொடி வேலி

கோழிக் கொட்டிலைச் சுற்றி இழுத்துக் கட்டிய மின்வேலியில், ஒரு நாளின் 86,400 நொடிகளுள் மின்னோட்டம் பாயும் பொழுதை எல்லாம் கூட்டினாலும் 22 நொடியைத் தாண்டாது. எஞ்சிய பொழுதெல்லாம் அது துணி உலர்த்தும் கொடிக்கு ஒப்பான வெறுங்கம்பியே. கணக்கு எளிதுதான். வேலிக்குத் துடிப்பூட்டும் பெட்டி ஏறத்தாழ 1.2 நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் நொடியைப் பத்தாயிரமாய்ப் பகுத்தால் அவற்றுள் மூன்று பங்கு அளவே நீள்கிறது. நாளொன்றுக்கு 72,000 துடிப்பு. பெருக்கிப் பார்த்தால் 21.6 நொடி.

அப்பெட்டியின் உள்ளே நிகழ்வதும் வியப்பளிப்பதே. 12 வோல்ட்டு மின்கலத்திலிருந்து சிறுகச் சிறுக எடுத்த ஆற்றல் ஒரு மின்தேக்கியில் சேர்கிறது, குடத்தில் ஊற்றுநீர் சேர்வதுபோல. நிறைந்ததும் குடம் ஒரேயடியாகக் கவிழ்கிறது. மின்மாற்றி அதனை 6,000 வோல்ட்டு, 8,000 வோல்ட்டு என உயர்த்திக் கம்பிக்கு அனுப்புகிறது. அழுத்தம் அச்சுறுத்தும் அளவினது. ஆற்றலோ மிகச் சிறிது. புறக்கடைக் கோழிக்கு அரை யூல் முதல் ஒரு யூல் போதும். உலகத் தரவிதி 5 யூலுக்கு மேல் ஒரு துடிப்பில் செல்லக் கூடாதென வரம்பு கட்டியுள்ளது. நொடிக்கு ஒரு துடிப்பை மிஞ்சக் கூடாதென்பதும் அவ்விதியே.

இதனோடு வீட்டு மின்கம்பியை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். 230 வோல்ட்டு என்பது மேற்சொன்னதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. ஆயினும் ஈரக்காலோடு நிற்கும் உடலின் தடை 1,000 ஓம் என்று கொண்டால், நொடிதோறும் 53 யூல் அவ்வுடலுள் இறங்கும்; இறங்கிக்கொண்டே இருக்கும். தசைகள் இறுகி, பிடித்த கை விடாது. நெஞ்சாங்குலை தன் தாளத்தை இழக்கும். துடிப்பு வேலியில் உயிரைக் காப்பது துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட அந்த ஒரு நொடி வெறுமை. தசை தளரவும், விலங்கு பின்வாங்கவும், ஓடவும் அது வாய்ப்பளிக்கிறது.

ஊர்ப்புறத்தில் இவ்விரண்டையும் ‘கரண்ட் வேலி’ என ஒரே பெயரால் அழைப்பதே கேட்டின் தொடக்கம் என்பேன். 2023 மார்ச்சுத் திங்களில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிக்கு அருகே மூன்று பெண்யானைகள் மாண்டன. உடன்வந்த இரு குட்டிகள் மட்டும் பிழைத்தன. அங்கே கொன்றது துடிப்பு வேலியன்று. விளைநிலத்தைக் காக்க மின்கம்பியிலிருந்து நேரடியாக, முறைகேடாக இழுத்த கம்பி. அவ்வாண்டே தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்யவும் நெறிப்படுத்தவும் விதிகள் வகுத்தது. காப்புக்காட்டை ஒட்டி வாழ்வோர் வேலி வாங்குமுன் வனத்துறை அலுவலகத்தை எட்டிப் பார்ப்பது நன்று.

துடிப்பு வேலி பிறந்த ஊர்களுள் முதன்மையானது நியூசிலாந்தின் ஆமில்டன். 1930-களில் பில் கலாகர் என்பார், தம் மகிழுந்தின்மேல் உடம்பை உராய்ந்து தேய்த்துக்கொண்டிருந்த குதிரையை விலக்க, வண்டி ஆடினால் மின்னதிர்ச்சி தரும் பொறி ஒன்றை அமைத்தார். 1962-இல் அதே ஊரின் உருவாக்குரா ஆய்வு நிலையத்தில் தக் பிலிப்சு, புல் உரசினாலும் திறன் குன்றாது நெடுந்தொலைவு செல்லும் மின்தேக்கி வகையைப் படைத்தார். குதிரைக்கும் மாட்டுக்கும் பிறந்த கருவி, பின்னர்க் கோழிக்கும் காவலாயிற்று.

கோழிக்குக் காவல் ஏன் இத்துணை வேண்டும்? 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் புறக்கடைக் கோழியினம் ஏறத்தாழ 31.7 கோடி; ஏழாண்டில் நூற்றுக்கு 46 பங்கு பெருக்கம். பெருவிடை, சிறுவிடை என நாட்டுக்கோழி வளர்க்கும் எவரும் ஒரு விடியலையேனும் மறவார். கொட்டிலைத் திறந்தால் இறகு சிதறிக் கிடக்கும். பன்னிரண்டு கோழிகளுள் ஒன்பது கழுத்து கடியுண்டு கிடக்கும். தூக்கிச் சென்றதோ ஒன்றுதான். ‘வெறிபிடித்த நரி’ என்று வைவார்கள். ஆன்சு குரூக் என்னும் விலங்கியலறிஞர் 1972-இல் இதற்கு விடை தேடினார். இங்கிலாந்துக் கடற்கரையில், கும்மிருட்டில் கூட்டை விட்டெழாத கடற்காகங்களை நரிகள் தேவைக்கு மேல் கொன்று குவித்ததை அவர் ஆராய்ந்தார். இரை ஓடாதபோது கொல்லும் உந்துணர்வு அடங்குவதில்லை. காட்டில் ஒன்று பிடிபடுவதற்குள் மற்றவை பறந்துவிடும். கொட்டிலிலோ நான்கு பக்கமும் சுவர். நாம் காவலென எழுப்பிய சுவரே நரி நுழைந்தபின் பொறியாகிவிடுகிறது. ஆகவே காவல் சுவருக்கு வெளியிலேயே தொடங்க வேண்டும்.

அங்கே விலங்கு முதலில் நீட்டுவது மூக்கை. மயிரடர்ந்த உடலில் மின் எளிதில் ஏறாது. ஈரமான மூக்கு நுனியோ நரம்பு செறிந்த வாயில். எனவே கம்பியின் உயரத்தை அறுதியிடுவது மூக்கின் உயரம். கீரிக்குத் தரையிலிருந்து 10 செண்டிமீட்டர். காட்டுப்பூனைக்கும் நரிக்கும் 25, 45. மேலே ஏறும் மரநாய்க்குக் கொட்டில் வலையின் உச்சியில் ஒன்று. கம்பியில் சிறிது கருவாட்டைக் கட்டித் தொங்கவிட்டால் நுகர வரும் மூக்கு தானே பாடம் பெறும். வேலியை நட்ட அன்றே மின்னூட்ட வேண்டும். மின்னில்லாக் கம்பியை ஒருமுறை நுழைந்து கடந்த விலங்கு, அது வெறுங்கம்பி என்னும் பாடத்தைக் கற்றுவிடும். பிறகு கற்றதை மறக்கச் செய்வது பெரும்பாடு. கோழிக்கோ இறகே கவசம். கொண்டையோ தாடியோ பட்டால் ஒரு கொக்கரிப்பு, அதன்பின் அண்டாது.

வேலி பழுதுபடுவதில் பெரும்பங்கு கம்பியில் அன்று, மண்ணில். மின்னோட்டம் கம்பியிலிருந்து மூக்கு வழி இறங்கி, பாதம் வழி மண்ணுள் சென்று, நிலத்தில் அறைந்த இரும்புக் கோல்களின் வழியே பெட்டிக்கு மீள வேண்டும். சித்திரை வெயிலில் வெடித்த கரிசல் அவ்வழியை அடைத்துவிடும். ஆறடிக் கோல் மூன்றினைப் பத்தடி இடைவெளியில், தண்ணீர்த்தொட்டி வழியும் இடத்தருகே அறைவது அதனால்தான். சோதிப்பது எளிது: தொலைவில் ஓர் இரும்புக் கடப்பாறையை மண்ணில் குத்திக் கம்பியில் சாய்த்துவிட்டு, கோலுக்கும் மண்ணுக்கும் இடையிலான அழுத்தத்தை அளக்க வேண்டும். 300 வோல்ட்டுக்கு மிகுந்தால் மற்றொரு கோல் தேவை. இன்னும் செம்மையான வழி, கொட்டிலின் இரும்பு வலையையே நிலமுனையோடு இணைத்து, அதற்கு ஒரு சாண் வெளியே மின்கம்பியை ஓட்டுவது. வலையைப் பற்றி ஏறும் மரநாய் மண்ணைத் தொடாமலே சுற்றினை நிறைவு செய்துவிடும்.

மழைக்குப்பின் புல் வளர்ந்து கம்பியை முத்தமிடும். இரவில் விளக்கணைத்து நின்றால், கசியும் இடத்தில் நொடிக்கொருமுறை ‘டிக்’ என்று நீலப்பொறி தெறிப்பது கேட்கும், தெரியும். அங்கே அரிவாள் வேலை.

இவ்வேலி எல்லாவற்றையும் தடுக்காது. பருந்துக்கும் வல்லூறுக்கும் வானம் திறந்தே கிடக்கிறது. குஞ்சுகளுக்குப் பாட்டி கவிழ்த்த பஞ்சாரத்தை விஞ்சிய கருவி இன்னும் வரவில்லை. பாம்பும் தாழ்ந்த கம்பிக்கடியில் நுழையும். கவலை தருவது வேறொன்று. தாக்கப்பட்டால் ஓடாமல் சுருளும் அழுங்கு, தென்னாப்பிரிக்காவில் தாழ்ந்த மின்கம்பியைச் சுற்றிச் சுருண்டு, துடிப்புமேல் துடிப்பு வாங்கி மடிகிறது. ஆமைக்கும் அதே முடிவு. ஓட வாய்ப்பளிக்கும் அந்த ஒரு நொடி, ஓடாத உயிருக்குப் பயன்படுவதில்லை. அவை வாழும் நிலங்களில் அடிக்கம்பியில் மின்னூட்டாது, அங்கே நெருக்கமான வலை இடுவதே முறை.

வேலிக்கு மாற்றாக நஞ்சு வைப்பதையும் கண்ணி வைப்பதையும் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லையென்றாலும் அவை வீண்வேலையே. தன் எல்லையை வகுத்து வாழும் நரியைக் கொன்றால், வெறுமையான அவ்விடத்துக்கு வேலியை அறியாத இளநரி வந்து சேரும். மூக்கில் அடிபட்ட முதுநரியோ அவ்விடத்தை விடாமல், பிற நரிகளையும் அண்டவிடாமல், கொட்டிலைச் சுற்றியே வாழும். பனியில் நனைந்த புழுதியில் அதன் காலடித் தடத்தைக் காலையில் காணலாம்: வேலிக்கு ஒரு முழம் தள்ளி, மூலைக்கு மூலை வளைந்து, ஓரிடத்திலும் கம்பியை நோக்கித் திரும்பாமல்.