வசனம் கேட்கவில்லை, சண்டை மட்டும் காதைக் கிழிக்கிறது

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பில் படம் பார்ப்பவர்களுக்கு ஒரு விரல் பயிற்சி தானாக வந்துவிடும். நாயகன் அம்மாவிடம் பேசும்போது சத்தத்தைக் கூட்ட வேண்டும். அடுத்த நொடி வில்லன் கதவை உடைத்தால் பாய்ந்து குறைக்க வேண்டும். நான் இருக்கும் சென்னை மாத்தூரில் இதற்கு நடுவே மணலிக்குப் போகும் கன்டெய்னர் லாரி வேறு. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால் மின்விசிறியை ஐந்தில் வைக்க வேண்டும். அப்புறம் வசனம் எங்கே காதில் விழும்?

போன வருஷம் பொறுக்க முடியாமல் லேப்டாப்பை ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். “ஸ்பீக்கர் போயிடுச்சு சார், மாத்தணும்” என்றார்கள். 1,800 ரூபாய். வீட்டுக்கு வந்து அதே படத்தைப் போட்டேன், அதே முணுமுணுப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்த தங்கை மகன்தான் கண்டுபிடித்தான்.

“மாமா, உங்க லேப்டாப்புல எத்தனை ஸ்பீக்கர்?”

“ரெண்டுதான்.”

“ஆறு இருக்குன்னு அது நினைச்சுட்டிருக்கு.”

இன்றைய படங்களின் ஒலி பெரும்பாலும் 5.1 கணக்கில் கலக்கப்படுகிறது. முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, அதிர்வுக்குத் தனியாக ஒன்று. வசனத்தில் பெரும்பங்கு அந்த நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். லேப்டாப்பில் நடு ஸ்பீக்கர் கிடையாது. செட்டிங் ஒழுங்காக இருந்தால் ஆறு வழி ஒலியும் இரண்டாகச் சுருங்கும். அப்படிச் சுருக்கும்போதே வசனம் கொஞ்சம் அமுங்கித்தான் போகிறது. செட்டிங் தவறாக 5.1 என்று இருந்துவிட்டால், இல்லாத ஸ்பீக்கருக்கு வசனத்தை அனுப்பிவிட்டு இசையையும் வெடிச் சத்தத்தையும் மட்டும் நம்மிடம் தரும். எனக்கு நடந்தது இதுதான்.

படத்திலேயே கோளாறு இருப்பதும் உண்டு. 2024 நவம்பர் 14 அன்று ‘கங்குவா’ வெளியானபோது சத்தம் தாங்கவில்லை என்று தியேட்டரில் பார்த்தவர்களே புலம்பினார்கள். ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி அதைக் குறித்து வருத்தத்தோடு எழுதினார். வால்யூமை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே அறிவிக்க வேண்டி வந்தது. தியேட்டரில் பார்த்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், கட்டை விரல் அளவு ஸ்பீக்கரை என்ன சொல்ல?

ஆகவே, கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. ஒயர் வைத்த சாதாரண இயர்போனைச் செருகி அதே காட்சியைப் போடுங்கள். இயர்போனில் தெளிவாக இருந்து, ஸ்பீக்கரில் மட்டும் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ‘கிர்ர்’ என்று உதறினால் ஸ்பீக்கர்தான் பழுது. இரண்டிலும் ஒரே மாதிரி மோசம் என்றால் கோளாறு படத்திலோ செட்டிங்கிலோ இருக்கலாம். ஸ்பீக்கரை மாற்றிப் புண்ணியமில்லை. தியேட்டரில் செல்போனால் திருட்டுத்தனமாக எடுத்த பிரின்ட் என்றால் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. பக்கத்து சீட்டுக்காரரின் இருமல்வரை பதிவாகியிருக்கும். அப்படித் தியேட்டரில் பதிவு செய்தால் 2023 திரைப்படச் சட்டத் திருத்தப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம்.

செட்டிங் பக்கம் வருவோம். விண்டோஸ் ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கேயே ‘லவுட்னஸ் ஈக்வலைசேஷன்’ என்று ஒன்று இருந்தால் டிக் போடுங்கள். தாழ்ந்த குரலைத் தூக்கி, வெடிச் சத்தத்தை அடக்கும். எல்லா லேப்டாப்பிலும் இது இருக்காது. படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ‘கம்ப்ரெசர்’ என்று இருப்பதும் அதே வேலையைச் செய்யும். ஓடிடி தளங்களில் மொழி தேர்வு செய்யும் இடத்தில் 5.1 என்று போடாத ஒலித்தடம் இருந்தால் அதுதான் நமக்கு. ஆன்லைன் வகுப்போ மீட்டிங்கோ ஓடினால் மற்ற சத்தத்தை 80 சதவீதம் குறைத்துவிடும் ஒரு வேலையும் விண்டோஸுக்கு உண்டு. அதை நிறுத்தி வைக்கலாம். புளூடூத் ஹெட்செட்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பின்னணியில் ஏதாவது ஒரு செயலி மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் படத்தின் ஒலி பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும். அந்தச் செயலியை மூடினால் போதும்.

இதையெல்லாம்விட எளிய வைத்தியம் ஒன்று. பல லேப்டாப்களில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருக்கிறது. மெத்தை மேலோ மடியிலோ வைத்தால் வாயைப் பொத்திய மாதிரிதான். பிள்ளைகளின் பரீட்சை அட்டையை அடியில் வைத்துப் பாருங்கள். குரல் சட்டென்று திறந்துகொள்ளும். அலமாரியில் விரலால் கோடு போட்டால் கறுப்பாக வரும் ஊர் நம்முடையது. அந்தத் தூசி ஸ்பீக்கர் ஓட்டைகளிலும் அடைந்திருக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டுங்கள். ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

ஒலி கேட்கவில்லை என்று வி.எல்.சி.யில் 125 வரை ஏற்றுகிறவர்கள் அதிகம். நூறைத் தாண்டினால் ஒலி அலையின் முனைகள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். நாள் முழுக்க அப்படியே ஓடினால் சின்ன ஸ்பீக்கரின் சுருள் சூடாகும். 2014இல், வாடிக்கையாளர் வி.எல்.சி. வைத்திருந்தார் என்று சொல்லி ஒரு பெரிய லேப்டாப் நிறுவனம் ஸ்பீக்கருக்கு வாரன்டி மறுத்ததாகச் செய்தி வந்தது. அந்த மென்பொருளை எழுதியவர்கள் அதை ஏற்கவில்லை. என் கட்சியும் அதுதான். பயன்படுத்துபவர் சத்தமாக வைத்தால் செத்துப்போகிற ஸ்பீக்கர் என்றால் தப்பு அதைப் பொருத்தியவரிடம். காது விஷயம் வேறு. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. லாரிச் சத்தத்தை அமுக்க இயர்போனை முழுக்க ஏற்றுவது காதுக்கு வைக்கும் கடன்.

‘சவுண்ட் டிரைவர் இலவசம்’ என்று கண்ட இடத்தில் இறக்காதீர்கள். லேப்டாப் நிறுவனத்தின் சொந்தத் தளம் போதும். தேடலில் கிடைத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணில் பேசுபவர் நம் லேப்டாப்பைத் தூரத்திலிருந்தே இயக்க விடும் எனிடெஸ்க் செயலியைப் போடச் சொன்னால் போனை வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930, சைபர் குற்ற உதவி எண்.

ஸ்பீக்கரே பழுது என்று உறுதியானால் வாரன்டி தேதியைப் பாருங்கள். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் ‘இடது ஸ்பீக்கர் உதறுகிறது’ என்று குறையை எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் பட்டது, கீழே விழுந்தது என்று சொல்லி மறுத்தால் அந்தக் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடுப்பது நல்லது.

2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. அப்பா வாங்கிய லேப்டாப்பை அவர் சம்மதத்தோடு மகள் பயன்படுத்தினால் மகளும் நுகர்வோர்தான். பில்லில் குறித்த நாளுக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்துவிட்டாலும் கடைக்காரர் தப்ப முடியாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்கும் வாய்ச்சொல்லை நம்பாமல் வாரன்டியை எழுதி வாங்குங்கள். ஆன்லைன் விற்பனைத் தளத்தில் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும்.

அப்படியும் நகரவில்லையா? முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கத்தான் செய்கிறது.

கெட்டுப்போகாத ஸ்பீக்கரை மாற்றி என்னிடம் 1,800 ரூபாய் வாங்கியதும் சேவைக் குறைபாடுதான். ஏன் புகார் செய்யவில்லை என்று கேட்பீர்கள். என் கையில் இருந்தது பேனாவால் ‘1800’ என்று மட்டும் கிறுக்கிய துண்டுச் சீட்டு. கடைப் பெயர்கூட அதில் இல்லை. பில் தராததும் சட்டப்படி தவறு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கேட்டு வாங்குங்கள், வாங்கிய அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தெர்மல் தாளில் அடித்த பில் வாரன்டி முடியும் முன்பே வெளுத்துவிடும்.