பழைய டீசல் கார்: வாங்குதலும் வீட்டுப் பராமரிப்பும்

எட்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வரை ஓடிய டீசல் கார்கள் தமிழ்நாட்டின் செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீக்கப்பட்டது. டீசலுக்கு அது 2014 அக்டோபர் வரை நீடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்த காலமும் உண்டு. அதனால் மக்கள் டீசல் கார்களைப் போட்டி போட்டு வாங்கினார்கள். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களை அடியோடு நிறுத்திக்கொண்டது. அன்று வாங்கப்பட்ட ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ, டஸ்டர் போன்றவைதான் இன்று இரண்டாம், மூன்றாம் கை மாறுகின்றன.

விலை குறைவு, மைலேஜ் அதிகம் என்பதற்காக முதல் கார் வாங்கும் குடும்பங்கள் இவற்றை நாடுகின்றன. நல்ல வண்டி அமைந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். தவறான வண்டி அமைந்தால், வாங்கிய விலையில் பாதியை ஒரே பழுது விழுங்கிவிடும்.

டீசல் கார் யாருக்குப் பொருந்தும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் கார் 20 கி.மீ. தந்தால், ஒரு கிலோமீட்டருக்கான செலவு முறையே 6.67 ரூபாயும் 4.60 ரூபாயும் ஆகும். மிச்சம் ஏறத்தாழ 2 ரூபாய். ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓட்டுபவருக்கு இது 40,000 ரூபாய்க்கு மேல். 6,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு 12,000 ரூபாய்தான். டீசல் காரின் பேட்டரி, கிளட்ச், இன்ஜெக்டர் வேலை எல்லாமே பெட்ரோல் காரைவிடச் செலவு கூடியவை. ஆகவே கடைக்கும் கோயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுப்பவர்கள் பெட்ரோல் காரையே பார்ப்பது நல்லது. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் டீசல் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. அதனால் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும்.

இன்ஜின் வேறுபாடு

டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப் போல ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று கடுமையாக அழுத்தப்படுகிறது. அந்தச் சூட்டில், பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. எனவே அழுத்தம், அதாவது கம்ப்ரஷன்தான் டீசல் இன்ஜினின் உயிர். மெக்கானிக்குகள் 'ஹீட்டர் பிளக்' என்று சொல்வது, குளிர்ந்த இன்ஜினைத் தொடங்க உதவும் சூடேற்றி மட்டுமே.

பழைய அம்பாசடர் டீசலிலும் முதல் தலைமுறை இண்டிகாவிலும் இயந்திர முறைப் பம்ப் இருந்தது. பின்னர் வந்தவை காமன் ரெயில் வகை. இவற்றில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது, எப்போது எவ்வளவு பீய்ச்சுவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. நம் சந்தையில் அதிகம் காணப்படும் 1,248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின் ஃபியட் நிறுவனம் உருவாக்கியது. மாருதி, டாடா, ஃபியட் என்று பல நிறுவனக் கார்களில் அது இடம்பெற்றதால் உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். சிற்றூர் மெக்கானிக்குக்கும் அது பழக்கமான இன்ஜின். அதில் இருப்பது டைமிங் செயின். டஸ்டர், லோகன், வெரிட்டோ ஆகியவற்றில் உள்ள 1,461 சி.சி. ரெனோ இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட். பெல்ட்டைக் குறித்த காலத்தில் மாற்றியாக வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பெல்ட் மாற்றியதற்கான பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். செயினுக்குக் கெடு இல்லை என்பார்கள்; ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயினும் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கலகலவென்று சத்தம் தரும்.

வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

வண்டியைக் குளிர்ந்த நிலையில் பார்ப்பதே முதல் பரிசோதனை. "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடலாம். போனவுடன் பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏதோ காரணத்துக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். பலவீனமான இன்ஜினும் தேய்ந்த இன்ஜெக்டரும் குளிர்ந்த நிலையில்தான் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைக் கவனிக்க வேண்டும். தொடங்கும் நொடியில் சிறிது புகை வருவது இயல்பு. தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போவோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் போகிறது. சில சமயம் ஏர் ஃபில்டரை மாற்றினாலே தீரும். வெண்புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது 'பேக் கம்ப்ரஷன்' சோதனை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, துளையின் மேல் தளர்வாக வைத்துப் பார்ப்பார்கள். மூடி தூக்கி எறியப்பட்டாலோ, துளையிலிருந்து புகை விட்டு விட்டு வேகமாக வந்தாலோ சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டிக்கு இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பி விலை பேசக் கூடாது. அதைத் திருத்துவது எளிது. பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர், ஸ்டீயரிங் தோல், ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றின் தேய்மானத்தையும் பழைய சர்வீஸ் பில்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 12 ஆண்டு ஓடிய டீசல் காரில் 45,000 கி.மீ. என்று காட்டினால் மகிழ்வதைவிடக் கேள்வி கேட்பதே முறை.

சென்னைப் பக்கத்து வண்டி என்றால் வெள்ளத்தில் நின்றதா என்றும் பார்க்க வேண்டும். 2015, 2023 டிசம்பர் மழைகளில் மூழ்கிய கார்கள் கழுவிப் பளபளப்பாக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். தரைவிரிப்பின் அடியிலும் சீட் போல்ட்டுகளிலும் உள்ள துரு பொய் சொல்லாது.

வட மாநில வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. டெல்லி தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அங்கிருந்து வரும் வண்டிக்குத் தடையில்லாச் சான்றும், இங்கே மறுபதிவும், சாலை வரியும் தேவை. இவற்றைக் கூட்டினால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

வாரம் ஒருமுறை, சமதளத்தில், இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவுகளைப் பார்ப்பதே பாதிப் பராமரிப்பு. டீசல் காரில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கருத்துவிடும். அது கரித்துகள் கலப்பதால் வருவது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆயில் மட்டம் தானாக உயர்ந்தால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது, உடனே ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தால் ரேடியேட்டரில் உப்புப் படிந்து துருவும் சேரும்.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு பல கார்களில் இருக்கும். அதைத் தளர்த்திச் சிறிதளவு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால், தண்ணீர் கீழே தனியாக நிற்பது தெரியும். இன்ஜெக்டரின் மிக நுண்ணிய பாகங்களுக்குத் தண்ணீரே பெரிய எதிரி. ஃபில்டர் விலையில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் 'பம்ப் நாசில்' கடைக்குப் பல மடங்கு கொடுக்க நேரிடும். ஃபில்டர் மாற்றியபின் குழாயில் காற்று நிற்காமல் ஏர் எடுக்க வேண்டும். டேங்க் காலியாகும்வரை ஓட்டினாலும் இதே தொல்லை வரும்.

நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுவது டர்போவுக்கு நல்லது. தவறுதலாகப் பெட்ரோல் நிரப்பிவிட்டால் சாவியையே போடாமல் வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி டேங்க்கை வடிக்க வேண்டும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

அந்தக் காலத்தில் இன்ஜின் ஓடும்போதே நாசில் பைப்பைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே சிறு புள்ளிபோலத்தான் தெரியும். ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்கச் செய்யும் காயம் அது. கசிவைத் தேட விரலால் தடவாமல் ஓர் அட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பட்டுவிட்டால் வலி இல்லையென்றாலும் நேராக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் இதே வகை ஆபத்து.

அரிதாக, டர்போ சீல் உடைந்து ஆயில் காற்றுக் குழாய்க்குள் போனால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தாறுமாறாக வேகமெடுக்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டி என்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டு இன்ஜினை அணைக்க முயலலாம். முடியாவிட்டால் எல்லோரும் இறங்கி விலகி நிற்பதே வழி.

ஆவணங்கள்

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ், இன்ஜின் எண்களை வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் படிவம் 35-உம் வங்கியின் சான்றும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பணம் கைமாறியதும் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது விற்பவருக்கும் ஆபத்து. பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

15 ஆண்டு முடியும் கார் என்றால் எஃப்.சி. எடுத்து, பசுமை வரி கட்டி, 5 ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 13, 14 வயது வண்டிக்கு விலை பேசும்போது இந்தத் தொகையோடு எஃப்.சி.க்குச் செய்ய வேண்டிய டிங்கரிங், பெயின்ட், டயர் செலவையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள்.