நீல இன்ஹேலர் மட்டும் போதாது

2012 பிப்ரவரி முதல் ஓராண்டுக் காலத்தில் பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் மருத்துவக் குறிப்புகளை நிபுணர் குழு ஒன்று வரிவரியாகப் படித்துப் பார்த்தது. அவர்களில் 28 பேர் இருபது வயதைத் தொடாதவர்கள். குழந்தைகளுக்கு மருந்து இலவசமாகவே கிடைக்கும் நாடு அது. ஆனாலும் அந்த இறப்புகளில் கிட்டத்தட்டப் பாதியைத் தவிர்த்திருக்கலாம் என்று 2014இல் வெளிவந்த அறிக்கை சொன்னது. மூச்சுத்திணறல் கூடினால் என்ன செய்வது, எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது என்று எழுதித் தரப்பட்ட தாள், 195 பேரில் 44 பேரிடம்தான் இருந்தது.

ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய்ச் சுவர், அது ஓடியாடி விளையாடும் நாளிலும் சற்று வீங்கியே இருக்கும். சளி பிடித்தாலோ புகை பட்டாலோ வீக்கம் கூடுகிறது. சுற்றியுள்ள தசை இறுகி, உள்ளே கோழை சேர்கிறது. நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் அந்தத் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். குழந்தை சிரிக்கும், வீடு நிம்மதியாகும். ஆனால் வீக்கம் குறைந்திருக்காது. அதைக் குறைப்பது தடுப்பு இன்ஹேலர். பிரிட்டனில் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் வரும் அதில் சிறிதளவு ஸ்டீராய்டு இருக்கிறது. நன்றாக இருக்கும் நாட்களிலும் விடாமல் எடுக்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம். உடனே சுகம் தருவதைப் பிடித்துக்கொண்டு, மெல்ல வேலை செய்வதைக் கைவிடுவது மனித இயல்பு. இறந்தவர்களில் விவரம் கிடைத்தவர்களைப் பார்த்தால், நூற்றுக்கு 39 பேருக்குக் கடைசி ஓராண்டில் பன்னிரண்டுக்கு மேற்பட்ட நீல இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. அத்தனை மருந்துச் சீட்டுகளும் அபாய அறிவிப்புகள்தாம். அவற்றை அடுக்கிவைத்துப் பார்க்க யாருமில்லை.

பார்க்க வேண்டியவர் ஆஸ்துமா செவிலியர். இதற்கென்றே தனிப்பயிற்சி பெற்றவர். அவருடைய அறையில் முதல் கேள்வி, "உங்கள் இன்ஹேலரை எடுத்து, வீட்டில் எப்படிப் போடுவீர்களோ அப்படியே போட்டுக் காட்டுங்கள்" என்பதுதான். பாதிச் சிக்கல் அங்கேயே வெளிப்பட்டுவிடும். குலுக்காமல் அழுத்துவார்கள். இரண்டு பஃப்களைச் சேர்த்து அடிப்பார்கள். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழல் இல்லாமல் நேரே வாயில் அடிக்க, மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். மருந்து தவறில்லை, அளவு தவறில்லை. நுரையீரலுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

செவிலியர் திருத்துகிறார். ஒரு பஃப், பிறகு குழந்தை இயல்பாக ஐந்து முறை மூச்சு விடட்டும், அதன் பிறகே அடுத்த பஃப். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் மாஸ்க். ஸ்டீராய்டு போட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் தானாக உலரவிட வேண்டும். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி, மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். இத்தனையையும் பரபரப்பான புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவர் சொல்லி முடிப்பது கடினம். செவிலியர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார். இரவில் இருமுகிறதா, வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா, சுவரில் ஈரம் பூத்திருக்கிறதா என்று கேட்கிறார். அடுத்த முறை வரும்போது மறுபடியும் "போட்டுக் காட்டுங்கள்" என்கிறார், ஏனென்றால் நன்றாகக் கற்றவர்களும் சில மாதங்களில் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

செவிலியர்களுக்கான இந்தத் தனிப்பயிற்சியைப் பிரிட்டனில் முறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் கிரெட்டா பார்ன்ஸ். அவரும் ஒரு செவிலியர். 1980களில் ஸ்டிராட்ஃபர்ட்-அபான்-ஏவன் நகரில் ஆஸ்துமாப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார்.

பின்லாந்து இதை நாடு முழுவதும் செய்து காட்டியது. 1994இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில், ஆஸ்துமாவுக்கெனப் பொறுப்பேற்ற மருத்துவர்களையும் செவிலியர்களையும் சுகாதார நிலையங்கள்தோறும் வளர்த்தெடுத்தார்கள். மருந்துக் கடைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்துமாவுக்காக மக்கள் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்கள் 1993இல் 1,10,000. 2003இல் அது 51,000 ஆகக் குறைந்தது, அதுவும் நோயாளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டிருந்த காலத்தில்.

பிரிட்டனில் செப்டம்பர் மாதம் செவிலியர்களுக்குக் கவலை தரும் மாதம். விடுமுறையில் தடுப்பு இன்ஹேலரை மறந்த பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பி, ஒருவரிடமிருந்து ஒருவர் சளிக் கிருமியை வாங்கிக்கொள்கிறார்கள். மூச்சுத்திணறலோடு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் அப்போது எகிறுகிறது. பள்ளிகள் அவசரத்துக்குச் சால்பியூட்டமால் இன்ஹேலர் வாங்கி வைத்துக்கொள்ள 2014 அக்டோபர் முதல் சட்டம் அனுமதித்தது. ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் பாடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இழுப்புச் சத்தம் நின்றுபோனாலே குழந்தை தேறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்க, ஒரு வாக்கியம் பேச முடியாமல் குழந்தை சோர்ந்திருக்கும்போது சத்தம் அடங்கினால், காற்றே உள்ளே போகவில்லை என்று பொருள்.

செவிலியரின் கேள்விகள் வீட்டு வாசலோடு நிற்கக் கூடாது என்பதை ஒரு மரணம் உணர்த்தியது. தென்கிழக்கு லண்டனில் வாகனங்கள் ஓயாத சவுத் சர்குலர் சாலையருகே வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா, 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் ஆஸ்துமாவால் இறந்தாள். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் ஏறத்தாழ முப்பது முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாள். அவள் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். மாசின் ஆபத்து தாய்க்குச் சொல்லப்படவில்லை, சொல்லியிருந்தால் மகளைக் காக்க அவர் நடவடிக்கை எடுத்திருப்பார் என்றும் பதிவு செய்தார்.

நம் ஊரில் வேறொரு தடையும் உண்டு. "வீசிங்தான், ஆஸ்துமா இல்லை" என்று சொல்லி, இன்ஹேலர் பழகிப்போய்விடும் என்ற பயத்தில் சிரப் கொடுக்கும் வீடுகள் ஏராளம். கணக்கைப் பாருங்கள்: ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். 5 மில்லி சிரப்பில் 2,000 மைக்ரோகிராம். அது வயிற்றுக்குள் போய் இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் சுற்றுகிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான் அதிகம்.

ஸ்பேசர் வாங்க முடியாவிட்டாலும் வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் ஸார் தலைமையிலான மருத்துவர்கள், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு, இன்ஹேலரைப் பொருத்தி, இடைவெளியைப் பசையால் அடைத்து, ஆஸ்துமா திடீரெனத் தீவிரமான குழந்தைகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். விலைக்கு வாங்கும் ஸ்பேசருக்கு அது ஈடுகொடுத்தது என்று 1999இல் லான்செட் இதழில் எழுதினார்கள்.

ஆகவே மூச்சுத்திணறலுக்காக வார்டில் சேர்த்த பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகும் முன், பெற்றோர் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். இன்ஹேலர் போடும் முறையைச் செவிலியர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்ட வாய்ப்பு. எந்த நிலையில் என்ன செய்வது என்று தமிழில் எழுதிய தாள். இரண்டு நாட்களுக்குள் மறுபடியும் வந்து காட்டுவதற்கான தேதி.