விற்கக் கூடாத பால் கன்றுக்கு மட்டும் ஆகுமா?

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே திரும்பினால், அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்றும் மாட்டுக் கொட்டகைகள் தென்படும். இரண்டு மூன்று மாடுகளை வைத்து, கறந்த பாலை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் அவை. மருந்து போட்ட மாட்டின் பாலைக் கன்றுக்கு வைப்பது என்று, கறவை மாடு வளர்க்கும் ஊர்களில் உலகெங்கும் உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றி இவர்களிடமும், இவர்களிடம் பால் வாங்குவோரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

மடிநோய் வந்தால்

மடி சூடேறி, கல்லாக வீங்கிவிடும். கை வைத்தாலே மாடு உதைக்கும். பீய்ச்சினால் பால் திரிதிரியாக வரும், சில சமயம் ரத்தமும் கலந்திருக்கும். மருத்துவர் ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவார். காம்புத் துளை வழியாக மருந்து ட்யூபும் ஏற்றுவார். அந்த மருந்தில் ஒரு பங்கு பாலோடு வெளியேறும். அதனால்தான், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பதை மருந்தின் லேபிளில் அச்சிட வேண்டும் என்று 2012-ல் இந்திய மருந்து விதிகளைத் திருத்தினார்கள். தனியாகக் கெடு வகுக்கப்படாத மருந்து என்றால், பாலுக்குக் குறைந்தது 7 நாள்.

புண்ணாக்கும் தவிடும் விற்கிற விலையில் ஒரு வாரப் பாலைக் கீழே ஊற்ற யாருக்கு மனசு வரும்? அதைக் கன்றுக்கு வைத்துவிட்டால், நல்ல மாட்டின் பால் முழுவதையும் விற்றுவிடலாம். வயிற்றுப்பாட்டுக் கணக்கு அது. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கேடு அங்கேதான் தொடங்குகிறது.

கன்றின் குடலில் நடப்பது

மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது. உறையிலுள்ள பாக்டீரியாவை அந்த மருந்து வளர விடாது. கன்றின் குடலிலும் இதேதான் நடக்கிறது. மருந்துக்கு மசிகிற கிருமிகள் அடங்கிவிடும். மசியாதவை தப்பிப் பிழைத்து, காலியான இடத்தில் பெருகும். எதிர்ப்புத் திறன் தரும் மரபணுவை அவை வேறு வகைக் கிருமிகளுக்கும் கைமாற்றும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இது குறித்த ஆய்வுகளை எல்லாம் அலசி 2017-ல் தன் முடிவை வெளியிட்டது: இப்படிப்பட்ட பாலைக் குடிக்கும் கன்றுகளின் சாணத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் கூடுதலாக வெளியேறுகின்றன.

சாணம் கொட்டகையோடு நிற்பதில்லை. மழைத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். அடையாறு தொடங்குமிடம் என்று சொல்லப்படும் ஆதனூர் ஏரி இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது.

நமக்கு என்ன?

மாட்டுக்குப் போடும் செஃப்டியோஃபரும், ஆஸ்பத்திரியில் நமக்கு ஏற்றும் செஃப்ட்ரியாக்சோனும் ஒரே குடும்பத்து மருந்துகள். ஒன்றை எதிர்க்கக் கற்ற கிருமி பெரும்பாலும் மற்றதற்கும் அடங்காது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றுகளால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதற்கு மனிதர்கள் மருந்தைத் தாறுமாறாக விழுங்குவது பெரிய காரணம். கால்நடைகளில் மருந்தின் பயன்பாடும் சேர்ந்துகொள்கிறது.

பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பாலில் தங்கிய மருந்தே தொல்லை தரலாம். 2018-ல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-ல் ஆன்டிபயாட்டிக் வரம்பைத் தாண்டியிருந்ததாக இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் கன்று குடிக்கும் பால் அந்தக் கணக்கில் சேராது.

கொட்டகையில் செய்யக்கூடியது

மடிநோய் வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை: கறக்கும் முன் கையையும் மடியையும் கழுவித் துடைப்பது, கறந்ததும் காம்பை மருந்துக் கரைசலில் நனைப்பது, காம்புத் துளை மூடும்வரை மாட்டைப் படுக்கவிடாமல் தீவனம் போடுவது. ஆரம்ப நிலையில் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்து மடியில் பூசும் முறையைத் தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பினார். தேசியப் பால்வள வாரியமும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பூசலாம்.

ஊசி போட்டாகிவிட்டதா? கெடு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அதுவரை கன்றுக்கு வேறு மாட்டின் பால் கொடுங்கள். ஒதுக்கிய பாலை வாய்க்காலில் விடாமல், ஏரி, கிணற்றுக்குத் தள்ளி இருக்கும் எருக்குழியில் சாணத்தோடு சேர்த்து மட்கவிடுங்கள். எல்லா மருந்தும் அதில் சிதையாது என்றாலும், கன்றின் வயிற்றுக்குப் போவதைவிட அது மேல்.

பால் வாங்குகிறவர்களுக்கும் பங்கு உண்டு. "மாட்டுக்கு உடம்பு சரியில்லை, ஒரு வாரம் பால் கிடையாதுங்க" என்று பால்காரர் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், ஆளை மாற்றாதீர்கள். மாட்டுக்கு அவசரம் என்றால் 1962-ஐ அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். மருத்துவர் கிளம்புமுன், "இந்தப் பாலை எத்தனை நாள் ஒதுக்கணும், கன்றுக்கு எப்போ கொடுக்கலாம்?" என்று இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.