ஜி.டி.ஏ. 6 டிரெய்லரில் நம்ம மண்டபம் தெரியுமா?

ஒன்றரை நிமிட டிரெய்லர். 24 மணி நேரத்தில் யூடியூபில் மட்டும் 9 கோடிக்கும் மேல் பார்வைகள்! 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.2 கோடிதான். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6' வீடியோ கேமின் முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில் செய்த சாதனை இது. 2025 மே 6 அன்று இரண்டாவது டிரெய்லர் வந்தது. எல்லாத் தளங்களையும் சேர்த்து ஒரே நாளில் 47.5 கோடிப் பார்வைகள் என்று அறிவித்தது, கேமைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் நிறுவனம்!

உலகம் முழுக்க ரசிகர்கள் அதை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தார்கள். பீர் பாட்டிலுக்குள் எழும் நுரையை ஆராய்ந்தார்கள். நாயகன் ஜேசனின் கை ரோமத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊர் ரசிகன் என்ன பார்த்தான் தெரியுமா? "மாப்ள, நிறுத்து நிறுத்து... இது நம்ம பாம்பன் பாலம் மாதிரியே இருக்குடா!" அங்கே ஆரம்பித்த ஆச்சரியம் இன்னும் ஓயவில்லை. நீங்களும் வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்தப் பாலத்துக்கும் பாம்பனுக்கும் இரண்டே வயது வித்தியாசம், தெரியுமா?

கதை நடக்கும் இடம் லியோனிடா என்ற கற்பனை மாநிலம். அசல், அமெரிக்காவின் ஃபுளோரிடா. டிரெய்லரில் பச்சை நீலக் கடல் மேல் நீளமாகப் போகும் பாலம், ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் இருக்கும் 'செவன் மைல்' பாலத்தின் சாயல். அங்கே ஹென்றி ஃபிளாக்லர் என்ற கோடீஸ்வரர் தீவு தீவாகக் கடல் மேல் தண்டவாளம் போட்டார். கடைக்கோடியான கீ வெஸ்டுக்கு முதல் ரயில் போனது 1912 ஜனவரி 22. இங்கே மண்டபத்தையும் பாம்பனையும் இணைத்த ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24!

இன்னும் கேளுங்கள். அங்கே பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய சாலைப் பாலம் 1982-இல் வந்தது. இங்கே பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் 1988-இல் வந்தது. பஸ் பாலத்தின் நடுவே ஏறும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள். கீழே விசைப்படகு வரிசை, பக்கத்தில் தண்டவாளம், இரண்டு பக்கமும் கடல். டிரெய்லர் ஷாட் அப்படியே!

கப்பலுக்கு வழிவிடுவதில் மூன்று வித்தை, தெரியுமா?

ஃபுளோரிடாவின் பழைய பாலத்தில் நடுப்பகுதி பக்கவாட்டில் சுழன்று திறந்தது. நம் பழைய பாம்பன் பாலத்தில் இரண்டு பாதிகளும் மேல்நோக்கி உருண்டு திறந்தன. அதுவும் எப்படி? ஆட்கள் நின்று நெம்புகோலைக் கையால் சுற்றிச் சுற்றித் திறந்தார்கள்! இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? வில்லியம் ஷெர்சர் என்ற சிகாகோ பொறியாளர். ஆக, பாம்பன் பாலத்துக்குள்ளும் ஓர் அமெரிக்கா ஒளிந்திருக்கிறது!

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தது. இதில் நடுத்தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம். மின்சாரத்தில் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். கடல் மேல் இந்தியாவின் முதல் செங்குத்துத் தூக்குப் பாலம் இதுதான். திறப்பு விழா முடிந்து சரியாக ஒரு மாதத்தில் வந்தது இரண்டாவது டிரெய்லர். அதனால்தான் எங்கள் ஊர்ப் பையன்கள் கண்ணுக்குப் பாலம் மட்டுமே தெரிந்தது போலும்!

இரண்டு கடலும் ஆளுக்கொரு ரயிலைச் சாய்த்தன, தெரியுமா?

1935 செப்டம்பர் 2. ஃபுளோரிடா கீஸைப் புயல் அடித்தது. மக்களை மீட்கப் போன ரயிலை இஸ்லமொராடா என்ற இடத்தில் கடல் அலை புரட்டிப் போட்டது. பெட்டிகள் சாய்ந்தன, என்ஜின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. அந்தப் புயலில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதோடு அந்த ரயில் பாதை முடிந்தது. அதன் மேலேயே பிறகு சாலை போட்டார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலை அலை விழுங்கியது. அதில் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. தனுஷ்கோடியே அழிந்தது. பாம்பன் பாலத்தின் கர்டர்களும் கடலுக்குள் போயின.

அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். 32 வயதுப் பொறியாளர் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். 46 நாளில் பாலத்தில் மறுபடி ரயில் ஓடியது! அவர் யார் தெரியுமா? பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ. ஸ்ரீதரன்! எந்த கேமிலும் இப்படி ஒரு 'மிஷன்' நான் பார்த்ததில்லை.

ஒரே டிக்கெட்டில் ரயிலும் கப்பலும், தெரியுமா?

நியூயார்க்கில் 'ஹவானா ஸ்பெஷல்' ரயில் ஏறினால் கீ வெஸ்ட். அங்கிருந்து கப்பலில் கியூபாவின் ஹவானா. எழும்பூரில் 'போட் மெயில்' ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயிலில் கொழும்பு. இரண்டும் ஒரே காலத்தில் ஓடிய அண்ணன் தம்பிகள். அண்ணனை 1935 புயல் நிறுத்தியது, தம்பியின் தனுஷ்கோடி ஓட்டத்தை 1964 புயல் நிறுத்தியது!

டிரெய்லரின் பறவை நம் ஊருக்கும் வரும், தெரியுமா?

முதல் டிரெய்லரில் சதுப்பு நிலத்தில் நிற்கும் பூநாரைகளைப் பார்த்து 'வாவ்' போட்டவர்கள் ஏராளம். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் போய்ப் பாருங்கள், கூட்டம் கூட்டமாக நிற்கும்! அங்கே இருப்பது அமெரிக்கப் பூநாரை, அடர் நிறம். நம்முடையது பெரும் பூநாரை. உடம்பு வெளுப்பு, சிறகு விரித்தால் ரோஜா நிறம் பளிச்சிடும். சாப்பிடும் இரையிலிருந்துதான் அந்த நிறமே வருகிறது. 2025 ஜூன் 5 அன்று தனுஷ்கோடியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இரண்டாவது டிரெய்லர் வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை!

கடலுக்குள்ளும் சொந்தம் உண்டு. ஃபுளோரிடாவின் செல்லப் பிராணி மேனட்டி. நம் கடலில் அதன் உறவுக்காரர் ஆவுளியா எனும் கடல் பசு. இரண்டும் கடற்புல் மேயும் சாதுக்கள். அதற்கு வால் துடுப்பு போல வட்டம், இதற்குத் திமிங்கலம் போலப் பிளவு. நம் ஆவுளியா ஒரு நாளில் 30 முதல் 40 கிலோ புல் மேயும்! இந்தியாவின் முதல் கடல் பசுக் காப்பகம் 2022-இல் பாக் விரிகுடாவில் அமைந்தது. பரப்பு 448 சதுர கிலோமீட்டர்.

மண்டபத்தின் வடக்கே அந்தப் பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடல் அமைதி என்பதால் பெண் கடல், தெற்குக் கடல் சீறுவதால் ஆண் கடல் என்பார்கள் எங்கள் ஊரில். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் கடலே மாறிவிடும். எந்த கேமில் உண்டு இப்படி ஒரு 'மேப்'?

கடலுக்கடியில் தங்கப் பொட்டலம், தெரியுமா?

டிரெய்லரில் ஜேசன் வசிப்பது கீஸ் தீவில். அவனுக்கு இடம் கொடுத்திருக்கும் பிரையன் என்ற பாத்திரம், படகுத் தளம் நடத்திக்கொண்டே கடத்தல் செய்யும் ஆள். சினிமாத்தனம் என்று தோன்றுகிறதா? 2023 பிப்ரவரியில் மண்டபம் கடலில் நடந்ததைக் கேளுங்கள். கடலோரக் காவல் படையைக் கண்டதும் கடத்தல்காரர்கள் பொட்டலத்தைக் கடலில் வீசினார்கள். காவல் படையினர் முக்குளிப்பவர்களை இறக்கித் தேடினார்கள். கிடைத்தது என்ன? 17 கிலோவுக்கும் மேல் தங்கம்! கேமில் இதைச் செய்தால் பாயின்ட், இங்கே செய்தால் ஜெயில்.

டிரெய்லர் வந்த நேரம் எப்படிப்பட்டது, தெரியுமா?

முதல் டிரெய்லர் முன்கூட்டியே கசிந்ததால் ராக்ஸ்டார் அவசரமாக வெளியிட்டது. இந்தியாவில் அப்போது 2023 டிசம்பர் 5 விடியற்காலை. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, சென்னை ரசிகன் மட்டும் பார்க்க முடியவில்லை. ஏன்? மிக்ஜாம் புயல் மழை! பல பகுதிகளில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, தெருவெல்லாம் வெள்ளம்.

இரண்டாவது டிரெய்லர் வந்த மே 6 எங்களுக்கு அடித்த அதிர்ஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். பகலெல்லாம் படகுக்குப் பெயின்ட், என்ஜின் வேலை, வலை முடிச்சு. சாயங்காலம் ஆளாளுக்குக் கையில் செல்போன். கடலில் இருந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

இந்த கேமில் பெங்களூருக்காரர் கையும் உண்டு, தெரியுமா?

ராக்ஸ்டாருக்குப் பெங்களூரில் பெரிய ஸ்டூடியோ இருக்கிறது. 1997-இல் தொடங்கிய இந்தியாவின் மூத்த கேம் நிறுவனங்களில் ஒன்றான துருவா இன்டராக்டிவை 2019-இல் வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது ராக்ஸ்டார்!

இன்னொன்று. தமிழ் அம்மா இட்லி அவிக்கும் கேமுக்கு உலக விருது கிடைத்தது தெரியுமா? பெயர் 'வெண்பா'. 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. கிழிந்துபோன சமையல் நோட்டைப் பார்த்து, விட்டுப்போன வரியை ஊகித்து, இட்லி தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று கண்டுபிடிக்க வேண்டும். 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குத்தான். சுடவோ துரத்தவோ எதுவும் கிடையாது!

சரி, கேம் எப்போது?

முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். கடைசியாகச் சொன்ன தேதி 2026 நவம்பர் 19. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இயந்திரங்களுக்கு மட்டும் அறிவித்திருக்கிறார்கள். இயந்திரத்துக்கே பெருந்தொகை ஆகும் என்பதால் எங்களில் பலருக்கு டிரெய்லர்தான் கேம்! பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த வரிசை வயது வந்தவர்களுக்கானது. பள்ளிப் பிள்ளை கேட்டால் 'வெண்பா'வை வாங்கிக் கொடுங்கள்.

கேம் உருவாக்கப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த ரசிகனின் வேண்டுகோள் ஒன்று. கடல் பாலம், மூழ்கிய ரயில், 46 நாள் மிஷன், தங்கப் பொட்டலம், பூநாரை, ஆவுளியா, இரண்டு கடல் என்று எல்லாம் ஒரே ஊரில் தயாராக இருக்கிறது. ஃபுளோரிடாவை வைத்து அவர்கள் செய்துவிட்டார்கள். ராமேஸ்வரம் ரயில் ஏறி மண்டபத்தில் இறங்குங்கள், அடுத்த டிரெய்லரை நீங்கள் போடுங்கள். முதல் 'லைக்' எங்கள் ஊரிலிருந்துதான்!